நம் வீட்டு உப்பை யார் அளக்கிறார்கள்?

"உப்பைக் குறைங்க." மதுரையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் நடக்கும் மருத்துவ முகாம்களில் நாங்கள் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். சீட்டில் 160, 170 என்று ரத்த அழுத்தத்தை எழுதிவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொல்லப்படும் வாக்கியம். பெண்கள் தலையாட்டிவிட்டு எழுந்து வருவார்கள். வீட்டில் என்ன சமைக்கிறீர்கள், எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள், தொட்டுக்கொள்ள என்ன இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு முகாமில் மருத்துவர் ஒருவர் எங்களிடமே அலுத்துக்கொண்டார்: "உங்க ஆளுங்களுக்கு எத்தனை தடவ சொன்னாலும் நாக்கு கேக்காது."

'உங்க ஆளுங்க' என்ற அந்தச் சொல்லை நாம் லேசில் விட்டுவிடக் கூடாது. குடி, கடன், படிப்பைப் பாதியில் நிறுத்துவது என்று எதைப் பேசினாலும் கடைசியில் பேச்சு வந்து நிற்கும் இடம் அது. ஒரு சமூகத்தின் மேல் சுமத்தப்பட்ட நிலைமையை அந்தச் சமூகத்தின் குணமாக மாற்றிச் சொல்லும் வேலையை அந்த இரண்டு சொற்கள் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன.

நாங்கள் சொல்ல வருவது இரண்டு விஷயம். ஒன்று, நம் அடுப்படியில் உப்பு கூடியதற்குக் கூலிக்கும் சாதிக்கும் பங்கு உண்டு. அதை நாக்கின் குற்றமாக மட்டும் எழுதிவிட முடியாது. இரண்டு, அந்தக் காரணத்தைச் சொல்லி உப்பை அப்படியே விட்டுவிடவும் முடியாது. நாற்பது வயதில் பக்கவாதம் வந்து திண்ணையில் கிடக்கும் மனிதர்களை வைத்துக்கொண்டு "இது எங்க பண்பாடு" என்று நாம் பெருமை பேச முடியாது.

முதலில் பழக்கம் எப்படி வந்தது என்று பார்ப்போம். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு வாய்க்கால் பாயும் வயல்களில் நாற்று நடவும் களை எடுக்கவும் போன நம் அப்பத்தாக்களின் தூக்குச்சட்டியில் என்ன இருந்தது? பழைய சோறு, நீராகாரம், ஒரு கை கல்லுப்பு, ஒரு பச்சை மிளகாய் அல்லது ரெண்டு சின்ன வெங்காயம். என்றைக்காவது ஒரு துண்டுக் கருவாடு. காய் கிடையாது, பருப்பு கிடையாது. அவ்வளவு சோற்றையும் உள்ளே இறக்கினால்தான் பொழுது சாயும்வரை குனிந்து நிற்க முடியும். இறக்குவதற்குத் துணையாக வந்தவற்றில் எல்லாவற்றையும்விட மலிவானது உப்பு. ஒரு காலத்தில் மளிகைக் கடைக்காரர்கள் ராத்திரிகூட உப்பு மூட்டையைக் கடைக்கு வெளியிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். திருடும் அளவுக்குக்கூட அதற்கு விலை இல்லை.

வெயிலும் ஒரு காரணம். வியர்வையில் உப்பு போகும். நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்தால் தலைசுற்றல் வராது. இது எந்தப் புத்தகத்தையும் படித்து வந்த அறிவு இல்லை, வயலில் வந்தது. சோறு நிறைய, தொட்டுக்கொள்வது கொஞ்சம் என்ற வீட்டில் தொட்டுக்கொள்வது கரிப்பாகத்தான் இருக்கும். ஒரு சிட்டிகைக் குழம்பை ஒரு தட்டுச் சோற்றுக்குப் பரப்ப வேண்டும் என்றால் அந்தச் சிட்டிகையில் உப்பும் காரமும் ஏறித்தான் ஆக வேண்டும்.

உப்புக்கண்டமும் அப்படி வந்ததுதான். கறி நினைத்த நேரத்தில் கிடைக்கும் பொருளாக நம் தெருவில் இருந்ததில்லை. கிடைக்கிற அன்றைக்கு நிறையக் கிடைக்கும், பிறகு மாதக்கணக்கில் கிடைக்காது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அதைக் காப்பாற்ற உப்பும் மஞ்சளும் வெயிலும்தான் இருந்தன. கயிற்றில் கோத்துக் கொடியில் காய்ந்த அந்தத் துண்டுகளைப் பார்த்து ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள். மராத்வாடாவின் தலித் சமையலைப் பற்றி மராத்தியில் புத்தகம் எழுதிய ஷாஹு பட்டோளே, அங்கும் கறியை இப்படி உப்பிட்டுக் காயவைத்து எடுத்து வைத்ததைப் பதிவு செய்திருக்கிறார். மொழி வேறு, அடுப்படி ஒன்றாகவே இருக்கிறது.

இந்தச் சாப்பாட்டுக்குத் தத்துவம் என்ன பெயர் வைத்தது தெரியுமா? கீதையின் 17ஆம் அத்தியாயம் உணவை மூன்று குணங்களாகப் பிரிக்கிறது. உப்பும் புளிப்பும் காரமும் ஏறிய சாப்பாடு ராஜச குணத்தாருக்குப் பிடித்ததாம். சமைத்து நேரம் போனது, பழையது, எச்சில் எல்லாம் தாமச குணத்தாருக்குப் பிடித்ததாம். பழைய சோற்றில் உப்பைப் போட்டுத் தின்ற நம் ஆட்கள் இரண்டு வகையிலும் வந்துவிடுகிறார்கள். 'பிடித்தது' என்ற சொல்தான் இங்கே சூது. யாருக்குப் பழையது பிடித்தது? யாருக்குப் பழையது மட்டும் கிடைத்தது? கிடைத்ததைப் பிடித்ததாகச் சொன்ன அந்தப் பழைய தந்திரத்தின் இன்றைய வடிவம்தான் "உங்க ஆளுங்களுக்கு நாக்கு கேக்காது."

பழமொழியிலும் அரசியல் இருக்கிறது. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று சின்ன வயசிலிருந்து சொல்லித் தருகிறார்கள். பண்ணைக் காலத்தில் இதன் அர்த்தம் வெளிப்படை: கொல்லைப்புறத்தில் கஞ்சி ஊற்றியவருக்கு எதிராகக் கூலி உயர்வு கேட்காதே. கேட்டால் உப்புத் தின்ற வீட்டுக்குத் துரோகம். ஆனால் அந்த நெல்லை விதைத்தது யார், அறுத்தது யார்? உப்பளத்தில் அந்த உப்பை வாரியது யார்? யார் யாருக்கு உப்பிட்டார்கள் என்று கணக்குப் பார்த்தால் நன்றி சொல்ல வேண்டியவர்களின் வரிசையே மாறிவிடும். இதே தமிழில்தான் "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்ற கேள்வியும் இருக்கிறது. உனக்கு ரோசம் இருக்கிறதா என்று அர்த்தம். முதல் பழமொழி அடங்கச் சொல்கிறது, இரண்டாவது நிமிரச் சொல்கிறது. எதை எடுத்துக்கொள்வது என்பது நம் கையில் இருக்கிறது.

இனி எண்களுக்கு வருவோம். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்புச் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலக சராசரி 10.8 கிராம் என்று அதன் 2023 அறிக்கை சொன்னது. ஆக, உலகத்துக்கே நாக்கு கேட்கவில்லை! இந்திய நிலவரத்தை 2025இல் சொன்னது ஐசிஎம்ஆரின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம்: நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 9.2 கிராம், கிராமத்தில் 5.6 கிராம். இரண்டுமே அளவுக்கு மேல்தான். ஆனால் கிராமத்துக் கூலிக்காரருக்கு வகுப்பெடுக்கும் நகரத்துச் சாப்பாட்டு மேசையில்தான் உப்பு இன்னும் அதிகம் என்பதை இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கிறது.

இன்னொரு கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். தமிழ்நாட்டு ரேஷனில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டில் பிரித்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் சொச்சம். ரேஷன் பருப்பை மட்டும் நம்பி இருக்கும் ஒரு குடும்பம் நகரத்து அளவில் உப்புச் சாப்பிட்டால், அவர்கள் தட்டில் பருப்பைவிட உப்பு கூடுதல் எடை. 2025-26இல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். அதில் காய், பருப்பு, முட்டை எல்லாம் வாங்கிய பிறகுதான் "உப்பைக் குறை" என்ற அறிவுரைக்கு அர்த்தம் வரும். தொட்டுக்கொள்ள வேறு ஒன்றைக் கொடுக்காமல் உப்பை மட்டும் எடுத்துவிட்டால் தட்டில் வெறும் சோறுதான் மிஞ்சும்.

அதே நேரத்தில் பழைய காரணங்கள் எல்லாம் இன்றைக்கு அப்படியே பொருந்துகின்றன என்றும் சொல்ல முடியாது. நம் பிள்ளைகள் இப்போது மில்லில், கடையில், கட்டட வேலையில், டெலிவரி வண்டியில் இருக்கிறார்கள். மாநகராட்சித் தூய்மைப் பணிக்கு விடியுமுன் போகும் அம்மாக்கள் வேலை இடத்திலேயே டீயும் பொட்டலச் சாப்பாடுமாக முடித்துக்கொள்கிறார்கள். அப்பத்தாவுக்கு உப்பு ஜாடியிலிருந்து மட்டும் வந்தது. நமக்கு அது ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில், நூடுல்ஸ் மசாலாவில், அப்பளத்தில், ஊறுகாயில், ராத்திரி பரோட்டா சால்னாவில் என்று ஒளிந்து வருகிறது. அவருடைய நாக்கு நமக்கு அப்படியே வந்துவிட்டது, அவருடைய வெயில் வரவில்லை. வெயிலில் வேலை செய்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: வியர்வை போகிறது என்பதற்காக எவ்வளவு உப்பும் தாங்கும் என்று இல்லை. முதலில் வேண்டியது தண்ணீர், நிழல், ஓய்வு. அந்த மூன்றையும் தராத ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டியதை உப்பிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

கூடுதல் உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். அது வலிக்காது, காய்ச்சல் வராது. ஒரு நாள் காலையில் ஒரு பக்கம் கையும் காலும் வராமல் போகும்போதுதான் தெரியும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் இது நோய். கூலி வீட்டில் இதற்குப் பொருள் வேறு. அன்றோடு வருமானம் நிற்கும், கந்துவட்டி வீட்டுக்குள் வரும், பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மகள் கல்லூரிக்குப் பதிலாக நூற்பாலைக்குப் போவாள். இடஒதுக்கீட்டில் கிடைத்த இடத்தை ஒரு பக்கவாதம் பறித்துக்கொண்டு போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால்தான் உப்பைச் சமையல் குறிப்பு என்று ஒதுக்காமல் உரிமைப் பேச்சுக்குள் கொண்டுவரச் சொல்கிறோம்.

கொண்டுவரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வீட்டில் உப்பைத் தீர்மானிப்பது யார் என்பது. போடுவது பெண். உள்ளங்கையில் ரெண்டு சொட்டுக் குழம்பை ஊற்றி நக்கிப் பார்த்து அளவு சொல்வது அவள். ஆனால் தீர்ப்புச் சொல்வது ஆண். "என்னாடி, உப்பே இல்ல" என்று தட்டைத் தள்ளிவிடும் அப்பாவும் அண்ணனும் மேடையில் அம்பேத்கரியம் பேசுகிறவர்களாகவும் இருக்கலாம். முகாமில் டாக்டர் சொன்னதைக் கேட்டு அவள் ஒரு நாள் குறைத்துப் போட்டால் வாங்குவது திட்டு, சில வீடுகளில் அடி. அதனால் உப்பைக் குறைக்கும் பிரச்சாரத்தைப் பெண்களிடம் மட்டும் நடத்துவதில் பயன் இல்லை. தட்டைத் தள்ளும் கைகளிடம் நடத்த வேண்டும். அதில் தோழர்கள் என்று நாம் அழைத்துக்கொள்பவர்களின் கைகளும் அடக்கம்.

வீட்டுக்குள் இப்படி என்றால், அதே பெண்ணின் கை ஊர்ப் பொதுப் பானைக்கு உப்புப் போடப் போனால் என்ன நடக்கும்? 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்ததற்கு ஆதிக்க சாதிப் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதிகாரிகள் அவரைத்தான் இடமாற்றம் செய்தார்கள். போராட்டத்துக்குப் பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வழக்கும் பதிவானது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் அடுத்த ஆண்டே தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்ததும் செய்தியானது.

தூத்துக்குடி என்றால் உப்பு. குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் உப்பு அதிகம் விளைவது அங்கேதான். ஆணும் பெண்ணும் உப்புத் தண்ணீரில் காலூன்றி நின்று, பாத்தியில் இறங்கி, வாரிக் குவிக்கிறார்கள். கண் கூசும், காலில் புண் ஆறாது. அந்த வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதியிருக்கிறார். அந்த உப்பு மூட்டை ஊருக்குள் வரும்போது எந்தச் சாதிக்காரர் காலில் மிதிபட்டது என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை. அக்ரகாரத்துக்கும் போகிறது, கோயில் மடைப்பள்ளிக்கும் போகிறது. அதே உப்பை ஒரு தலித் பெண் பள்ளிக்கூடப் பானையில் போட்டால்தான் தீட்டு வந்துவிடுகிறது. மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் உப்பு விற்கும் பிராமணன் உடனே சாதி இழப்பான் என்கிறது. உப்பைத் தின்பதற்குத் தடை இல்லை. உழைப்பில் இருக்கிற உப்பை எடுத்துக்கொண்டு உழைத்த கையைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு இது.

உப்பு என்றதும் பாடப்புத்தகம் 1930க்குப் போகும். மார்ச் 12 அன்று காந்தி தண்டிக்குக் கிளம்பினார்; ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். ஏழையின் உப்புக்கு வரி போடாதே என்ற கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் அதே மார்ச் மாதம் 2ஆம் தேதி நாசிக்கில் காலாராம் கோயில் வாசலில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சத்தியாக்கிரகம் தொடங்கியிருந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1927 மார்ச் 20 அன்று, மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். கடலில் உப்பெடுக்க வெள்ளைக்காரனின் சட்டத்தை மீறினால் போதும். குளத்தில் தண்ணீர் எடுக்க ஊரின் சட்டத்தை மீற வேண்டியிருந்தது. இரண்டாவது கதை எத்தனை பள்ளிகளில் நாடகமாகப் போடப்படுகிறது?

1930இல் உப்பின் விலை அரசியல் ஆனது. இன்றைக்கும் அது அரசியல்தான். சோடியத்தில் ஒரு பகுதியைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு ரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும் என்பதால், அதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. அந்த உப்பு நம் தெருவுக்கு வருகிறதா? தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் சென்னையில் 300 கடைகளில் பார்த்தது. சூப்பர் மார்க்கெட்டுகளில் 52 சதவீதத்தில் இருந்தது. சிறு மளிகைக் கடைகளில் வெறும் 4 சதவீதத்தில். சாதாரண அயோடின் உப்பு 100 கிராம் 2.70 ரூபாய், இது 5.60 ரூபாய். அரைக்கிலோ, கால்கிலோ என்று அண்ணாச்சி கடையில் வாங்கும் வீட்டுக்கு இந்த உப்பு இருப்பதே தெரிய வழியில்லை.

ஆனால் அரசால் முடியாத காரியம் இல்லை. 2014 ஜூனில் வந்த 'அம்மா உப்பு' மூன்று வகைகளில் வந்தது. அதில் ஒன்று சோடியம் குறைந்த உப்பு. தயாரித்தது ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம். அரசிடம் உப்பளம் இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது, 2021 ஆகஸ்டிலிருந்து வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. சோடியம் குறைந்த உப்பை ரேஷனில் சாதாரண உப்பின் விலைக்குத் தர வேண்டும், அதோடு பருப்பின் அளவைக் கூட்ட வேண்டும் என்பதை நாம் கோரிக்கையாக எழுத வேண்டும். ஒரு எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இதையும் சேர்த்துத்தான் தெருவில் பேச வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியவை உண்டு. தெருக்கூட்டங்களில் நாங்கள் சொல்லித் தரும் எளிய அளவு ஒன்று: ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேல் தேதி எழுதி வையுங்கள். ஆளுக்கு 5 கிராம் என்றால் நான்கு பேர் வீட்டுக்கு அது 50 நாள் வர வேண்டும். முப்பதே நாளில் தீர்ந்தால் கை கூடுதலாகப் போடுகிறது என்று அர்த்தம். யாரும் வந்து திட்ட வேண்டியதில்லை, பாக்கெட்டே சொல்லிவிடும். சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை முதலில் நிறுத்தலாம். தட்டின் ஓரத்தில் தனியாக உப்பு வைப்பதை நிறுத்தலாம். அப்பளமும் ஊறுகாயும் ஒரே வேளையில் வேண்டாம். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ரெண்டு முறை அலசிப் போடலாம். புளி, எலுமிச்சை, பூண்டு, மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. ஒரே நாளில் பாதியாக்காமல் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். இந்துப்பு, இயற்கை உப்பு என்று கூடுதல் விலைக்கு விற்பதை நம்பி ஏமாற வேண்டாம், அதிலும் பெரும்பங்கு சோடியம் உப்புத்தான். போடுகிற கொஞ்ச உப்பும் அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும்.

மாணவத் தோழர்களுக்குக் குறிப்பாக ஒரு வேலை. உங்கள் தெருவில் பத்து வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாக்கெட் உப்பு எத்தனை நாள் வருகிறது, வாரத்தில் எத்தனை நாள் காய் சமைக்கிறார்கள், வேலை இடத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதா, வீட்டில் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம், மாத்திரை ஒழுங்காக வருகிறதா என்று நான்கைந்து கேள்விகள் போதும். கேட்கும்போது சமையலைக் குறைத்துப் பேசாதீர்கள். உட்காருங்கள், கொடுத்ததைச் சாப்பிடுங்கள், பிறகு கேளுங்கள். எழுதியதைத் தொகுத்துக் கிராம சபையில் வையுங்கள். நகரத்தில் என்றால் வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். நம்மைப் பற்றிய கணக்கை நாமே எடுக்கும்போது 'உங்க ஆளுங்க' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்துக்குப் பதில் கையில் இருக்கும்.

நாம் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறோம். எவ்வளவு போடுவது என்பதை நம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வோம். தட்டில் உப்போடு பருப்பும் காயும் கறியும் இருக்க வேண்டும் என்பதை வெளியே போய் உரக்கக் கேட்போம். இந்த வாரமே பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்.

ஜெய் பீம்.